பத்தாம் நம்பர் வீட்டு எலிகள்

எங்கள் வரிசையில் எலி இருப்பதாக யாரும் ஒப்புக்கொண்டதே இல்லை. பத்து வீடு, பத்து அடுப்படி, பத்து அரிசி டின். ஆனால் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும், "சேச்சே, எங்க வீட்டுலயா?" என்றுதான் பதில் வரும். எலி இருக்கிற வீடு அழுக்கு வீடு என்று ஒரு நினைப்பு. ஆகையால் எலியை விரட்டுவதும் திருட்டு வேலை மாதிரி ரகசியமாகவே நடக்கும். பக்கத்து வீட்டு அக்கா குழாயடிக்குப் போகிற நேரம் பார்த்து அம்மா கற்பூரம் பொடிப்பாள். அம்மா மாமாக் கடைக்கு, அதாவது பாயின் மளிகைக் கடைக்கு, போகிற நேரம் பார்த்து அந்த அக்கா மிளகாய்ப் புகை போடுவாள். சாயங்காலம் இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே ஆட்களுக்கென்று கட்டிய ஒரே நீள வரிசை அது. முன்னால் செம்மண் ரோடு, பின்னால் கால்வாய், அதற்கும் பின்னால் இஞ்சின்கள் மூச்சு வாங்கும் யார்டு. ஒன்றாம் நம்பரில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, நாங்கள் கிராணி என்போம், இருந்தார். யாருக்கு எந்த வீடு, யாருக்கு எந்த ஷிப்ட், யார் வீட்டு ஒழுகும் ஓட்டுக்கு எப்போது ஆள் வரும் என்பதையெல்லாம் எழுதுகிற கை அவருடையது. பத்தாம் நம்பர், கடைசி வீடு, எங்களுடையது. அப்பா பாயின்ட்ஸ்மேன். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்துக்குப் போக வேண்டுமோ அதற்குத் திருப்பிவிடுகிற வேலை. நான் கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பு. அந்த வரிசையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போன ஒரே பெண்பிள்ளை நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அப்போதும் கிடையாது; பாதி வம்பு அதனால்தான் வந்தது.

கப்பலில் வரும் எலியால் கொள்ளைநோய் வரும் என்ற பயம் அந்த நாளில் எல்லோருக்கும் உண்டு. அதனால் சில மாதத்துக்கு ஒரு தடவை வெள்ளைக்கார டாக்டர் துரை ஒருவர், கூட ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற ஒரு தமிழ் டிரஸ்ஸரை அழைத்துக்கொண்டு, வீடு வீடாகப் பார்க்க வருவார். எப்போதும் ஒன்றாம் நம்பரில் தொடங்கிப் பத்தில் முடிப்பார். ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம். ஒன்பதுகூடச் சுத்தம். பத்தாம் நம்பர் அடுப்படி மூலையில் மட்டும் எலிப்புழுக்கை.

இரண்டாவது தடவை அப்படி அகப்பட்டபோது டிரஸ்ஸர் குச்சியால் அதைக் கிளறிப் பார்த்தார்.

"என்னாம்மா இது? கருஞ்சீரகம் காயப்போட்டிருக்கியா?"

"நேத்து வரைக்கும் இல்லைங்கய்யா. இன்னைக்குக் காலைலதான் எங்கேருந்தோ..."

"இன்னைக்குக் காலைலதான் டிக்கெட் கெடச்சுச்சோ அதுக்கு?"

துரைக்கு அது புரியவில்லை. கூட வந்த கிராணி புரிந்துகொண்டு சிரித்தார். அவர்கள் போனபிறகு, கிராணி மட்டும் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"ரெண்டாவது தடவ. மூணாவது தடவயும் ரிப்போர்ட்ல வந்துச்சுன்னா என் கைல ஒண்ணும் இல்ல. சுத்தமா வெச்சுக்கத் தெரியாதவங்களுக்கு டவுன்ல வீடு எதுக்குன்னு மேல கேப்பாங்க. மேரு பக்கம் கேட் காவல் வீடு ஒண்ணு காலியா இருக்கு. நல்ல காத்து."

மேரு என்றால் கிள்ளானையும் தாண்டி. ரப்பர் மரத்துக்கு நடுவில் ஒரு லெவல் கிராசிங், அதன் ஓரத்தில் ஒற்றை வீடு. அங்கே நல்ல காற்று இருந்திருக்கலாம். பெண்பிள்ளை படிக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இல்லை. ஏழாம் வகுப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அம்மா அரிசி டின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே பளபளத்தது. நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "நான் போக மாட்டேன்."

"எலிகிட்ட சொல்லு" என்றாள் அம்மா.

அன்றைக்கே ஆரம்பித்தேன். ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் யார் யார் என்ன வைத்தியம் சொன்னார்கள் என்று எழுதி, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். தரையில் இருந்த பொந்துகளைச் சுண்ணாம்பும் கண்ணாடிச் சில்லும் குழைத்து அடைத்தேன். அது நல்ல வைத்தியம், இன்றைக்கும் சொல்வேன். கண்ணாடியைப் பல்லால் கடிக்க எந்த எலிக்கும் துணிச்சல் வராது. கற்பூரத்தை அரிசி டின்னைச் சுற்றி வைத்தேன். எலி போகவில்லை, ஆனால் அப்பாவின் சோற்றுத் தூக்கைத் திறந்த கூட்டாளிகள், "இன்னைக்கு எந்தக் கோயில் பிரசாதம்ணே?" என்று கேட்டார்களாம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மலாய்க்கார அம்மாள் எலுமிச்சைப்புல்லை நசுக்கிப் போடச் சொன்னார். நான் ஒரு கட்டுப் புல்லை அறுத்துவந்து அலமாரிக்குக் கீழே பரப்பினேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால், எலிகள் அதை இழுத்து, மெத்தை மாதிரி மடித்து, அதில் ஐந்து குட்டி போட்டிருந்தன. கடன் வாங்கிய பூனை ஒன்று வந்தது. எங்கள் வீட்டு நெத்திலியைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்துவிட்டது.

இதற்கு நடுவில் என் பள்ளிக்கூடப் பாவாடையின் ஓரத்தில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. வெள்ளைத் துணி, கஞ்சி போட்டது. கஞ்சி வாசனைக்குத்தான் கடித்திருக்கும்.

அம்மா ஊசி நூலை எடுத்தாள். "யாராச்சும் கேட்டா தீப்பொறி பட்டுச்சுன்னு சொல்லு."

"ஏம்மா பொய் சொல்லணும்? எலிதான் கடிச்சுது."

"சொல்லு, நல்லா சொல்லு. பத்தாம் நம்பர்ல எலிக்குப் பள்ளிக்கூடம் நடத்துறோம்னு."

பொந்தையெல்லாம் அடைத்தபிறகும் எங்கிருந்து வருகிறது? அதுதான் என்னைக் குடைந்தது. ஒருநாள் பாசாரில் குப்பையில் கிடந்த டுரியான் தோல்களைப் பொறுக்கிவந்தேன். முள்ளுத் தோலைச் சுவரின் உச்சியில் வைத்தால் எலி நடக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பெட்டி மேல் பெட்டி வைத்து ஏறினேன். அதுவரை நான் மேலே பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை.

சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு முழ உயரத்துக்குத் திறந்து கிடந்தது. தலையை நீட்டினால் ஒன்பதாம் நம்பரின் உத்தரம் தெரிந்தது, அதற்கப்புறம் எட்டு, அதற்கப்புறம் ஏழு, கடைசியில் ஒன்றாம் நம்பர் வரைக்கும் ஒரே இருட்டுச் சுரங்கம். பத்து வீடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே தவிர, தலைக்கு மேலே எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

நான் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது கீழே ஒன்பதாம் நம்பரில் தும்மல் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா, அம்மா வெளியே போயிருப்பதைப் பார்த்துவிட்டுப் புகை போட்டிருக்கிறாள். மிளகாய் நெடி மேலே வந்து என் கண்ணைப் பிடுங்கியது. அந்த நெடிக்கு முன்னாலேயே எலிகள் வந்துவிட்டன. உத்தரத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி, அவசரமும் இல்லாமல் பயமும் இல்லாமல், என் மூக்குக்கு முன்னால் ஓடி எங்கள் வீட்டுக்குள் இறங்கின. பதினொன்று எண்ணினேன். அதற்குமேல் எண்ணக் கண் தெரியவில்லை.

பெட்டியிலிருந்து விழாத குறையாக இறங்கினேன். கோபத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். ஒரு கணக்கு சட்டென்று விளங்கும்போது வருமே, அந்த மாதிரி. ஒன்றில் புகை போட்டால் இரண்டுக்குப் போகும். இரண்டில் போட்டால் மூன்றுக்கு. ஒன்பதில் போட்டால் எங்களுக்கு. எங்களுக்கு அப்புறம் வீடு கிடையாது, மொட்டைச் சுவர்தான். துரை ஒன்றாம் நம்பரில் தொடங்குகிறார். அவருக்கு முன்னால் புகையும் ஒன்றாம் நம்பரில்தான் தொடங்குகிறது.

ஆனால் கிராணிக்கு எப்படி முந்தித் தெரிகிறது? துரை வருகிற கடிதம் அவர் மேசைக்குத்தானே வரும். அவர் விடியும்போதே தன் வீட்டில் புகை போட்டுவிட்டு, பிறகுதான் ஆள் அனுப்பி மற்றவர்களுக்குச் சொல்லுவார். செய்தி ஒவ்வொரு வீடாக வர வர, புகையும் ஒவ்வொரு வீடாக வரும். எங்களுக்குச் செய்தி வரும்போது வரிசையின் எலி மொத்தமும் வந்து சேர்ந்திருக்கும்.

இது என் யூகம்தான். மாமாக் கடையில் அது உறுதியானது. மிளகாய் வாங்குகிற சாக்கில் கேட்டேன்.

"பாய், கிராணி வீட்டுல காய்ஞ்ச மொளகா நெறைய வாங்குவாங்களா?"

"அவங்க எங்க தங்கச்சி காரம் திங்கறாங்க? வீட்டுல வயித்துப் புண்ணு. எப்பவாச்சும் ஒரு தடவ ரெண்டு பெரிய பொட்டலம் போகும். போச்சுன்னா மறுநாள் அந்த டாக்டர் தொரை வருவாரு. எனக்கு அதுதான் தபால்." அவர் சிரித்தார். "ஏன் கேக்கறே?"

"சும்மா. அடுத்த தபால் வந்தா எனக்கும் சொல்லுங்க."

"உன் மொகத்தப் பார்த்தா சும்மா மாதிரி இல்ல லா."

கணக்கு விளங்கிவிட்டது. என்ன செய்வது என்பதுதான் பாக்கி. முதலில் எனக்குத் தோன்றியது சுலபமான வழி: எங்கள் சுவருக்கு மேலே மட்டும் அடைத்துவிடுவது. அப்புறம் புழுக்கை ஒன்பதாம் நம்பரில் கிடக்கும். ஒன்பதாம் நம்பர் அக்காவுக்குக் கைக்குழந்தை. மேருவுக்கு அவள் போவாள். இரண்டு நாள் அந்த நினைப்போடு திரிந்தேன். நான் ஒன்றும் உத்தமி இல்லை. ஆனால் அது கிராணி செய்வதையே நானும் செய்வது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவரைப் போல இருப்பதைவிட அவரோடு மோதிப் பார்க்கலாம் என்றிருந்தது.

மறுநாள் காலை குழாயடியில் எல்லோரும் தண்ணீருக்கு நிற்கும்போது, என் பாவாடையைக் கொண்டுபோய்க் குழாய்க் கம்பத்தில் மாட்டினேன். ஓட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

"எங்க வீட்டு எலி கடிச்சது" என்றேன். "எங்க வீட்டுல எலி இருக்கு."

அம்மா குடத்தோடு அப்படியே நின்றாள். ஐந்தாம் நம்பர் அக்காதான் முதலில் வாய் திறந்தாள். அந்த வரிசையில் அவளுக்கு முன்னால் யாரும் திறப்பதில்லை.

"இதக் கொண்டாந்து ஊரு முச்சூடும் காட்டுறியே, வெக்கமா இல்ல?"

"இல்லக்கா. உங்க வீட்டுல என்னத்தக் கடிச்சுது?"

 ஒன்பதாம் நம்பர் அக்கா இடுப்பில் குழந்தையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். "என் கல்யாணச் சேலை முந்தானைய. மூணு மாசமாச்சு. அவருகிட்ட இன்னும் சொல்லல. டிரங்குப் பெட்டி சாவி தொலஞ்சிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அடிப்பாவி!" என்றாள் ஐந்தாம் நம்பர் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க மனுசனோட யூனிஃபார்ம் தொப்பி. உச்சில ஓட்டை."

"அதான் அண்ணன் தலைல துண்டு கட்டிட்டுப் போறாரா? தலைவலின்னு சொன்னீங்க!"

அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஆறாம் நம்பரில் சோப்பு, மூன்றாம் நம்பரில் சாமி படத்துக்குப் பின்னால் கூடு, எட்டில் ஒருவர் காலின் பித்தவெடிப்பையே கடித்ததாம். இத்தனை வருஷம் அடைத்துவைத்த கதை எல்லாம் கொட்டியது. அம்மா மட்டும் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் பாவாடையைக் கம்பத்திலிருந்து எடுக்கவும் இல்லை.

நான் ஒரு கரித்துண்டால் குழாயடித் தரையில் பத்துக் கட்டம் போட்டேன். எலி எப்படி ஒன்றிலிருந்து பத்துக்கு வருகிறது என்று காட்டினேன். பிறகு திருப்பிப் போட்டேன். "நம்ம பத்துலேருந்து ஆரம்பிப்போம். நாங்க புகை போட்டு ஒம்பதுக்குத் தள்ளுவோம், உடனே சொவருக்கு மேல அடைச்சிருவோம். ஒம்பது எட்டுக்குத் தள்ளி அடைக்கணும். அப்படியே ஒண்ணு வரைக்கும். தொரை வர்றதுக்கு முந்தின நாள்."

"அவரு வர்றது நமக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"கிராணி வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்றே" என்றாள் ஐந்தாம் நம்பர் அக்கா மெதுவாக.

"அவர் வீட்டு எலிதானே அது. அவர் தம்பி கிள்ளான் கடைக்கு வாங்கற அரிசி மூட்டையெல்லாம் எங்க கெடக்குது? நம்ம வீட்டுலயா? எலி அங்கதான் பொறக்குது. இங்க வந்து மாட்டிக்குது."

இரண்டாம் நம்பரில் இருந்தது கப்பலைவிட்டு இறங்கி ஆறு மாதம்கூட ஆகாத பெண். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவள். "என் சொவத்துக்கு அந்தப் பக்கம் அவரு" என்றாள். "இவரு இப்பத்தான் வேலைல சேந்தாரு." யாரும் அவளை வற்புறுத்தவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. வரிசையில் இருந்த யாரோ ஒரு புருஷன் சொல்லியிருக்கிறார். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"எலி கடிச்சா தையல் போட்டுக்கலாம். கிராணி கடிச்சா என்னா பண்ணுவே? இந்த வேலையெல்லாம் வேணாம். கேட்டுச்சா?"

"அவரப் பகைக்காம இருந்துதானேப்பா மேருவுக்குப் போகப் போறோம்."

"எதுத்துப் பேசாத. வேணாம்னா வேணாம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருந்த கையை அவர் பார்த்திருந்தார், நான் பார்க்கவில்லை. இருந்தாலும் நான் சரி என்று சொல்லவில்லை. சொல்லாததை அவரும் கவனித்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மாமாக் கடை வாசலில் பாய் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பொட்டலம்.

அப்பா அன்றைக்கு இரண்டு மணி ஷிப்ட். கிராணி வீட்டார் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லா அடுப்பும் புகைவதால் கொஞ்சம் கூடப் புகைந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உடைந்த சட்டியில் கொட்டாங்கச்சித் தணலைப் போட்டு, அதன்மேல் வேப்பிலை, அதன்மேல் மிளகாய். நான் எண்ணி எட்டு மிளகாய் போட்டேன்.

"இவ்ளோதானா?" என்றாள் அம்மா. அதுவரை அவள் எங்கள் பக்கமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி அப்படியே கவிழ்த்தாள். "சிக்கனம் பாக்கற நேரமா இது?"

புகை எழுந்தது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அம்மா சட்டியை மூலை மூலையாகக் காட்டினாள். நான் பெட்டிமேல் நின்றேன். அவை போயின, வந்த வழியே. கடைசி வால் சுவரைத் தாண்டியதும், ஐந்தாம் நம்பர் அக்கா கொண்டுவந்திருந்த தாரில் நனைத்த சாக்குகளை இடைவெளியில் திணித்தேன். தார் வாசனையும் பிடிக்காது, கடித்தால் வாயும் ஒட்டும். அதற்கு மேலே டுரியான் தோல். பிறகு சுவரில் மூன்று தட்டு. ஒன்பதில் தும்மல். சற்று நேரம் கழித்து அங்கிருந்து எட்டுக்கு மூன்று தட்டு. எல்லாம் மேலேயே ஓடின என்று சொல்ல மாட்டேன். பாதி கால்வாயில் குதித்துத் தப்பித்தன. ஆனால் வரிசை நெடுக அந்தத் தும்மல் நகர்ந்து போனதே, ஏழு, ஆறு, ஐந்து என்று, அதைக் கேட்டுக்கொண்டு கூடவே வெளியில் ஓடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பரிசு வாங்கியபோதும் இருந்ததில்லை.

இரண்டாம் நம்பர் கதவு சாத்தியிருந்தது. மூன்றாம் நம்பர்க்காரி தட்டிவிட்டுக் காத்திருந்தாள். நான், ஐந்தாம் நம்பர் அக்கா, குழந்தையோடு ஒன்பதாம் நம்பர் அக்கா, எல்லோரும் கண்ணீரும் மூக்குமாக ரோட்டில் நின்றோம்.

"அவ தெறக்கலன்னா மொத்தமும் அவ வீட்டுலதான் தங்கும்" என்றாள் ஐந்தாம் நம்பர் அக்கா. "பாவம், சின்னப் பொண்ணு. நான் போய் ஏறி அடைச்சிடறேன். நான் அடைச்சதா இருக்கட்டும்."

கதவு திறந்தது. அந்தப் பெண் மூக்கில் துணி கட்டியிருந்தாள். உள்ளே ஏற்கெனவே புகை. கையை நீட்டினாள். "சாக்கக் குடுங்க. என் சொவரு. நானே அடைக்கறேன்."

மறுநாள் சனிக்கிழமை. விடிந்தும் விடியாமலும் ஒன்றாம் நம்பரில் கிராணி புகை போட ஆரம்பித்தார். இருமல் கேட்டது. எப்போதும் இரண்டு இருமலோடு முடியும், அன்றைக்கு முடியவில்லை. அவர் வீட்டில் பாத்திரம் விழுந்தது, நாற்காலி விழுந்தது, யாரோ வீல் என்று கத்தினார்கள். எலிகளுக்கு மேலே வழி இல்லை; அரிசி மூட்டைகளுக்கு இடையிலேயே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் துரையும் டிரஸ்ஸரும் வந்து இறங்கினார்கள்.

வரிசையே வாசலுக்கு வந்துவிட்டது. துரை உள்ளே போனவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். டிரஸ்ஸர் அரிசி மூட்டை ஒன்றை நகர்த்தினார். பின்னால் இருந்தது ஒரு நாள் புழுக்கை இல்லை, வருஷக்கணக்கில் சேர்ந்தது.

"நேத்து வரைக்கும் இல்ல சார்" என்றார் கிராணி. அம்மா சொன்ன அதே வார்த்தை. நான் அம்மாவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள், உதடு மட்டும் கோணியது. அதற்குள் கிராணி சுவரின் உச்சியில் இருந்த சாக்கைப் பார்த்துவிட்டார். "யார் இதை அடைச்சது?"

இரண்டாம் நம்பர்ப் பெண் ஓரடி முன்னால் வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் போய் நின்றுகொண்டேன். ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்த அப்பா தூக்கம் கலைந்த முகத்தோடு கூட்டத்தின் பின்னால் நிற்பது தெரிந்தது. தெரிந்தும் பேசினேன். துரையிடம் நேராக, கான்வென்ட் இங்கிலீஷில், மூச்சு விடாமல். பத்து வீட்டுக்கும் ஒரே கூரை, ஐயா. சுவர் மேலே திறந்திருக்கிறது. எலியை யார் விரட்டினாலும் அது கடைசி வீட்டுக்குத்தான் வரும். இரண்டு தடவை நீங்கள் எங்கள் வீட்டைத்தான் அழுக்கு என்று எழுதினீர்கள். இரண்டு தடவையும் நீங்கள் மேலே பார்க்கவில்லை.

கடைசி வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. டிரஸ்ஸர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். துரை முகம் சிவந்தது. கோபமா மிளகாயா என்று தெரியவில்லை. ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். ஏறினார். தார்ச் சாக்கைப் பிடுங்கி, தலையை உள்ளே நீட்டி, ரொம்ப நேரம் பார்த்தார். இறங்கும்போது தோளெல்லாம் ஒட்டடை. நோட்டில் ஏதோ எழுதினார். எங்கள் வீட்டுக்கு வந்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், நோட்டை மூடிக்கொண்டு போனார்.

கூரை இடைவெளிக்குக் கம்பி வலை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வலை வருவதற்கு மறு தீபாவளி ஆயிற்று, அதற்குள் கால்வாய் வழியாகப் பாதி எலி திரும்பி வந்துவிட்டது, அது வேறு விஷயம். மூட்டைகள் அந்த வாரமே லோரியில் ஏறிக் கிள்ளானுக்குப் போயின. மேரு என்ற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு அடுத்த ஐந்து மாதமும் ராத்திரி ஷிப்ட்தான் விழுந்தது. அவர் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய ஏழாம் வகுப்புச் சம்பளத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

புது வகுப்பு தொடங்கிய அன்று காலை, புத்தகப் பையோடு நான் ரோட்டில் நடக்கும்போது கிராணி தன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துப்பினார்.

"படிச்ச திமிரு" என்றார், எனக்குக் கேட்கிற மாதிரி.

"இன்னும் முடிக்கல சார்" என்றேன். "இன்னும் வகுப்பு பாக்கி இருக்கு."